பண்டை அரசியரும் பள்ளிப் பருவத்து வாசகரும்

பண்டைக் காலத்தில் சிங்காசனம் ஏறி ஆண்ட பெண்களைப் பற்றி இன்று நமக்குக் கிடைத்திருக்கும் சாட்சியங்களைத் திரட்டிப் பார்த்தால், அவற்றுள் பெரும்பகுதி அப்பெண்களை யுத்தத்தில் வென்றவர்களோ, அவர்கள் மறைந்தபின் அவர்களுடைய அதிகாரத்தை அடைந்தவர்களோ, அந்த வெற்றியாளர்களின் நிழலில் வாழ்ந்த சரித்திர ஆசிரியர்களோ எழுதிவைத்தவை என்பது விளங்கும். எகிப்தின் கடைசி அரசியான கிளியோபாட்ராவை நாம் அறிவது, அவளை முறியடித்த ரோமாபுரியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த எழுத்தாளர்களின் வாயிலாகத்தான். பிரிட்டன் தீவில் ரோமானியரை எதிர்த்துப் படை திரட்டிய பூடிகாவைப் பற்றி அவளுடைய குலத்தார் ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை; எதிரிகள் எழுதியதே எஞ்சியது. ஹட்ஷெப்சுட் என்ற எகிப்திய மாதரசியோ தன் வரலாற்றைத் தானே கல்லில் பொறித்துவைத்தாள். அவள் இறந்தபின் அந்தப் பெயரை உளி கொண்டு செதுக்கி அழித்தார்கள். இத்தகைய பெண்களின் சரிதத்தைப் பன்னிரண்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள வாசகர்களுக்குக் கதையாகச் சொல்லப் புகும் எழுத்தாளர், ஆகையால், சாதாரணமான சரித்திர நாவலாசிரியரைவிடப் பெரிய பொறுப்பொன்றை ஏற்றுக்கொள்கிறார். வயது வந்த வாசகன் ஒரு நாவலைப் படித்துவிட்டு அதை வேறொரு நூலோடு ஒத்துப் பார்க்கக்கூடும். இளம் பிராயத்தில் ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்ட அரசியோ ஆயுள் முழுவதும் அதே கோலத்தில் அங்கே வீற்றிருப்பாள்.

இந்த வகை நூல்கள் ஆங்கிலத்தில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஏராளமாக வெளிவந்திருக்கின்றன. அவற்றுள் சில, இலக்கியமென்று போற்றத்தக்கவை. பல, ஆடை ஆபரண வர்ணனைகளோடு நின்றுவிடுபவை. இவற்றை நிறுத்துப் பார்ப்பதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: அந்த அரசி ஆண்டாள் என்பது கதையில் தெரிகிறதா? அவள் அழகியாயிருந்தாள், காதலித்தாள், சூழ்ச்சிக்கு இலக்கானாள், விஷம் அருந்தி மாண்டாள் என்பவையெல்லாம் எளிதில் எழுதக்கூடியவை. அவள் தானியக் களஞ்சியத்தின் கணக்கைக் கேட்டாள், தூர தேசத்துக்குக் கப்பல்களை அனுப்பினாள், வந்த தூதரோடு அவருடைய பாஷையிலேயே உரையாடினாள், படை நடத்துவதா பொறுத்திருப்பதா என்று முடிவு செய்தாள் என்பவற்றை ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமி புத்தகத்தைக் கீழே வைக்க மனமின்றிப் படிக்கும்படி எழுதுவதற்குத்தான் உண்மையான ஆற்றல் வேண்டும்.

முதலில் ஹட்ஷெப்சுட்டை எடுத்துக்கொள்வோம். கி.மு. 15-ஆம் நூற்றாண்டில், எகிப்தின் 18-ஆவது ராஜவம்சத்தில், முதலாம் துட்மோஸ் என்ற மன்னனுக்கும் அவனுடைய பட்டத்தரசி அஹ்மோஸுக்கும் பிறந்த இவள், அக்காலத்து அரசகுல வழக்கப்படி, தன் தந்தைக்கு வேறொரு மனைவியிடத்தில் பிறந்த இரண்டாம் துட்மோஸை மணந்து, நெஃபெருரே என்ற பெண் மகவை ஈன்று, கணவன் மாண்டபோது, மற்றொரு மனைவியிடத்தில் அவனுக்குப் பிறந்திருந்த மூன்றாம் துட்மோஸ் என்ற சிறு குழந்தையின் பெயரால் ராஜ்யபாரத்தை நடத்தத் தொடங்கினாள். ஏழாவது ஆண்டுக்குள் அவள் மன்னனுக்குரிய பட்டங்கள் அனைத்தையும் தானே புனைந்துகொண்டு, எகிப்திய மன்னர்கள் சடங்குகளில் தரிக்கும் பொய்த்தாடியோடு சிலைகளில் காட்சியளிக்கலானாள். காவலராக இருந்த காலத்தையும் சேர்த்து அவளுடைய ஆட்சி 20 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. பழைய உலகத்தில் ஒரு பெண் அவ்வளவு நீண்ட காலம், அவ்வளவு பெரிய ராஜ்யத்தை, அவ்வளவு அமைதியாக ஆண்டதற்கு நிகரான உதாரணங்கள் மிக அரிது.

அந்த ஆட்சியில் நிகழ்ந்தவை, கதை சொல்பவருக்குக் கிட்டிய புதையல் என்றே சொல்லவேண்டும். ஒன்பதாவது ஆண்டில் அவள் ஐந்து மரக்கலங்களைச் செங்கடல் வழியாகப் புந்த் என்ற தேசத்துக்கு அனுப்பினாள். அவை தந்தமும் கருங்காலியும் பொன்னும் குரங்குகளும் வாசனைப் பிசினும் ஏற்றிக்கொண்டு திரும்பியதோடு, 31 வாசனை மரங்களை வேரோடு பெயர்த்துக் கூடைகளில் வைத்துக் கொண்டுவந்தன. இன்றைய லக்சர் நகரத்துக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், செங்குத்தான மலைச்சரிவின் அடியில் படிப்படியாய் எழும்பி நிற்கும் டெய்ர் எல் பாஹ்ரிக் கோயிலின் சுவர்களில் இந்தப் பிரயாணம் முழுவதும் செதுக்கப்பட்டிருக்கிறது: தூண்களின்மேல் நிற்கும், ஏணி வைத்து ஏறும் குடிசைகளும், புந்த் தேசத்துத் தலைவனும் பருத்த உடலினளான அவன் மனைவியும், கப்பல்களின் கீழே நீந்தும் செங்கடல் மீன்களுங்கூட அந்தச் சிற்பிகளின் கண்ணுக்குத் தப்பவில்லை. கர்னாக் கோயிலில் அவள் நாட்டிய ஒற்றைக்கல் ஸ்தூபிகளுள் ஒன்று இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. ஏறக்குறைய 30 மீட்டர் உயரமும் 300 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடைய அந்தக் கல்லை அஸ்வான் மலைப்பாறையிலிருந்து வெட்டியெடுக்கும் வேலை ஏழே மாதங்களில் முடிந்ததென்று அதன் பீடத்தில் பொறித்திருக்கிறார்கள். கல்தச்சர்களும் மாலுமிகளும் கணக்கர்களுமாகப் பல்லாயிரவரை ஒரே காரியத்தில் ஒன்றுகூட்டி நடத்திய நிர்வாகத் திறமைக்கு அதைவிடச் சாட்சி வேறு வேண்டியதில்லை.

இந்த அரசியைக் கதாபாத்திரமாகக் கொண்டு இளம் வாசகர்களுக்கு எழுதப்பட்ட நூல்களுள் மிகுந்த புகழ் பெற்றது, அமெரிக்க எழுத்தாளர் எலோய்ஸ் ஜார்விஸ் மெக்ரா 1953-இல் வெளியிட்ட 'மாரா, நைல் நதியின் மகள்' என்ற நாவல். கதாநாயகி அரசியல்லள், மாரா என்ற அடிமைப்பெண். படிக்கத் தெரிந்தவள், பாபிலோனிய பாஷை பேசக் கூடியவள், பசியும் துணிச்சலும் மிகுந்தவள். மூன்றாம் துட்மோஸுக்கு மணப்பெண்ணாக அழைத்துவரப்படும் அயல்நாட்டு ராஜகுமாரிக்குத் துபாஷியாக அரண்மனைக்குள் புகுந்து, இளவரசனுக்கு யார் ரகசியச் செய்தி கொண்டுவருகிறார்கள் என்பதை அரசியின் தரப்புக்கு உளவு சொல்லவேண்டுமென்று ஒருவர் அவளை விலைக்கு வாங்குகிறார். வழியிலேயே, அரசிக்கு எதிராகக் கலகம் செய்யும் கூட்டத்தைச் சேர்ந்த ஷெஃப்டு என்ற இளைஞன் அவளைத் தன் பக்கத்துக்கு உளவாளியாக்கிக்கொள்கிறான். இரண்டு எஜமானர்களுக்கும் நடுவில், எந்த நிமிஷத்திலும் உயிர் போகக்கூடிய நிலையில் அந்தப் பெண் நடமாடுவதை மெக்ரா எழுதியிருக்கும் விதத்தைப் படித்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். எகிப்தின் துறைமுகங்களும் தெருக்களும் மதுக்கடைகளும் அரண்மனை முற்றங்களும் மூச்சுவிட்டு நடமாடுவதுபோல் எழும்புகின்றன. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த நூலைச் சிறுவர் சிறுமியர் தேடிப் படிக்கிறார்கள் என்பதில் வியப்பில்லை.

ஆனால் அதில் வரும் ஹட்ஷெப்சுட் கொடியவள். ராஜ்யத்தின் பொக்கிஷத்தைத் தன் பெருமைக்காக வாரி இறைக்கிறவள்; உரிமையுள்ள இளவரசனை அரண்மனையில் சிறைவைத்ததுபோல் அடக்கிவைத்திருக்கிறவள்; முடிவில் வீழ்த்தப்பட வேண்டியவள். நியாயமெல்லாம் துட்மோஸின் பக்கம்; அவன் முடிசூடும்போது வாசகர் நெஞ்சம் குளிர்கிறது. வல்லமை மிக்க பெண்ணொருத்தியைப் பற்றிக் கேள்விப்படும் முதல் தடவையிலேயே, அவளுடைய வீழ்ச்சியைக் கண்டு மகிழும்படி ஒரு சிறுமி பழக்கப்படுகிறாள்.

இதற்காக மெக்ராவைக் குறைகூறுவது முறையாகாது. அவர் எழுதிய காலத்தில் கற்றறிந்தோரின் அபிப்பிராயமே அதுவாக இருந்தது. 1920-களில், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் சார்பில் ஹெர்பர்ட் வின்லாக் டெய்ர் எல் பாஹ்ரியில் அகழ்ந்தபோது, ஹட்ஷெப்சுட்டின் சிலைகள் துண்டு துண்டாய் உடைக்கப்பட்டுக் குழிகளில் கொட்டப்பட்டிருந்ததைக் கண்டார். அந்தச் சிதைவுகளைக் கண்டவர்கள், பல்லாண்டுகள் அடங்கிக் கிடந்த துட்மோஸ், சிற்றன்னை கண்மூடியவுடன் தன் ஆத்திரத்தையெல்லாம் அவளுடைய கற்சிலைகள்மேல் காட்டினான் என்று முடிவு கட்டினார்கள். கதையாக அது நன்றாகவே இருந்தது. எனினும் 1966-இல் சார்லஸ் நிம்ஸ் என்ற அறிஞர், கோயில் சுவர்களில் எந்தப் பகுதி எப்போது கட்டப்பட்டது, எந்தப் பெயர் எப்போது அழிக்கப்பட்டது என்பதையெல்லாம் நுணுகி ஆராய்ந்து, பெயரழிப்பு துட்மோஸ் ஆட்சியின் 42-ஆவது ஆண்டுக்குப் பிறகுதான், அதாவது அவள் இறந்து 20 ஆண்டுகள் ஆனபின்புதான் தொடங்கியது என்று காட்டினார். ஆத்திரம் இருபது ஆண்டுகள் காத்திருக்குமா? தவிர, அவள் காலத்திலேயே துட்மோஸ் வளர்ந்து வாலிபனாகிப் படைகளோடு பழகியவன். படை கையிலிருந்தும் அவன் கலகம் செய்யவில்லை. தன் மகனுடைய வாரிசுரிமைக்கு இடையூறு நேரக்கூடாதென்பதற்காக, ஆண்வழி மன்னர் வரிசையில் குறுக்கே நின்ற ஒரு பெயரை முதிய வயதில் அவன் அப்புறப்படுத்தினான் என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். சிலைகள் உடைந்த விதத்தைப் பற்றி 2025-இல் வெளியான ஆராய்ச்சியொன்று இன்னும் ஒரு படி மேலே சென்று, கழுத்திலும் இடுப்பிலும் முழங்காலிலும் முறையாக உடைப்பது, பழைய மன்னர் சிலைகளின் சக்தியைத் தணிப்பதற்கு எகிப்தியர் பொதுவாகக் கையாண்ட சடங்கேயன்றிப் பகைமையின் அடையாளமல்ல என்றும், பல சிலைகள் பிற்காலத்தில் கட்டடக் கல்லாகப் பயன்படுத்தப்பட்டதாலேயே மேலும் சிதைந்தன என்றும் எடுத்துரைக்கிறது.

சரித்திரம் இப்படித் தன் தீர்ப்பைத் திருத்திக்கொள்ளும். அச்சேறிய நாவல் திருத்திக்கொள்ளாது. மெக்ராவே 1958-இல், வயது வந்தவர்களுக்காக, ஹட்ஷெப்சுட்டை நடுநாயகமாக வைத்து 'ஃபாரோ' என்றொரு நாவல் எழுதியிருக்கிறார் என்பதை நினைக்கும்போது, அந்த அரசி அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை என்று தோன்றுகிறது. ஆனால் சிறுவர் கையில் நிலைத்தது 'மாரா' தான். அதற்காக அந்த நூலைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கவேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். அதைப் படித்து முடித்த பிள்ளையிடம் டெய்ர் எல் பாஹ்ரிச் சுவர்களின் படங்களை எடுத்து வைத்து, "ஐந்து கப்பல்களை அனுப்பியவளும் இவள்தான் அம்மா, நீ படித்த கதையில் இது வரவில்லை, பார்" என்று காட்டவேண்டும்.

இங்கே நாவல் கலையின் நுட்பமொன்றையும் கவனிக்கவேண்டும். இவ்வகை நூல்களில் அரசியைக் காட்டிலும் அவள் அருகிலிருக்கும் ஓர் அடிமையோ தாதியோ பாணனோ கதைசொல்லியாக இருப்பது ஏன்? இளம் வாசகர்கள் சிங்காசனத்தின் உயரத்திலிருந்து உலகத்தைப் பார்த்தவர்களல்லர். பெரியவர்கள் இடும் கட்டளைக்குக் கீழ்ப்பட்டவர்கள், அடுத்த அறையில் பேசுவது என்னவென்று செவி சாய்ப்பவர்கள். அடிமைப்பெண்ணின் நிலை அவர்களுக்குச் சட்டென்று புரியும். அன்றியும், அரசியின் அந்தரங்க எண்ணங்களைப் பற்றி நமக்கு ஒரு குறிப்பும் கிடைக்காதபோது, அவற்றை அறிந்ததுபோல் எழுதுவதைவிட, வெளியிலிருந்து பார்ப்பவரின் ஊகமாக எழுதுவது நேர்மையும் ஆகும். ஆனால் அப்படிப் பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாரா அரசியைத் தூரத்திலிருந்து, பயத்தோடு பார்க்கிறாள். அதனால் அரசி பூதமாகத் தெரிகிறாள். அதே உத்தியை வேறொருவர் வேறுவிதமாகக் கையாண்டு, பழுதற்ற காவியமொன்றையே படைத்துவிட்டார். அவர் ரோஸ்மேரி சட்கிளிஃப்.

சட்கிளிஃப் 1920-இல் பிறந்தவர். பிள்ளைப் பிராயத்திலேயே மூட்டுகளைத் தாக்கிய கடும் நோயினால் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சக்கர நாற்காலியில் கழித்தவர். ரோமானியர் கால பிரிட்டனைப் பற்றி அவர் எழுதிய நாவல்களில், மழையில் நனைந்த மண்ணும் குதிரையின் வியர்வையும் இரும்பின் துருவும் மணக்கும். 1978-இல் அவர் வெளியிட்ட 'இருண்ட அரசிக்கு ஒரு பாட்டு' என்ற நூலின் நாயகி பூடிகா.

பூடிகாவின் சரிதம் சுருக்கமானது, பயங்கரமானது. இன்றைய இங்கிலாந்தின் நார்ஃபோக் பிரதேசத்தில் வாழ்ந்த ஐசெனி குலத்தின் தலைவன் பிரசுடாகஸ், ரோமானியரோடு நட்புப் பூண்டு ஆண்டவன், இறக்கும்போது தன் ராஜ்யத்தை ரோமச் சக்கரவர்த்தி நீரோவுக்கும் தன் இரு புதல்வியருக்கும் கூட்டாக எழுதிவைத்தான். ரோமானிய அதிகாரிகளோ உயிலை ஒரு பொருட்டாகவும் கருதாமல் நாட்டைக் கொள்ளையிட்டு, அவன் மனைவி பூடிகாவைச் சாட்டையால் அடித்து, அவளுடைய பெண்களின் மானத்தைக் குலைத்தார்கள். கி.பி. 60 அல்லது 61-இல் அவள் தன் குலத்தாரையும், முதிய ரோமானியச் சிப்பாய்களுக்குத் தம் நிலங்களைப் பறிகொடுத்துக் கொதித்திருந்த அயல்குலத்தாரையும் திரட்டிக்கொண்டு புறப்பட்டாள். இன்று கோல்செஸ்டர் என வழங்கும் கமுலோடூனம், லண்டன், வெருலாமியம் ஆகிய மூன்று நகரங்களும் தீக்கிரையாயின. கோல்செஸ்டரிலும் லண்டனிலும் பூமியைத் தோண்டும்போது அந்த நெருப்பில் வெந்த செம்மண் அடுக்கு இன்றும் தென்படுகிறது. அப்போது மேற்கே மோனாத் தீவில் போரிட்டுக்கொண்டிருந்த ஆளுநர் சுவெடோனியஸ் பாலினஸ் விரைந்து திரும்பி, தன் சிறிய படைக்கு வாய்ப்பான குறுகிய இடமொன்றைத் தேர்ந்து நின்று, அவளுடைய பெருஞ்சேனையை அழித்தான். அவள் விஷம் அருந்தி மாண்டாளென்று டாசிட்டஸ் எழுதுகிறார். நோயுற்று மாண்டாளென்று காசியஸ் டியோ எழுதுகிறார். இருவரும் ரோமப் பேரரசைச் சேர்ந்தவர்கள். இவருள் டாசிட்டஸின் மாமனாரான அக்ரிகோலா, இளைஞராக அந்த ஆளுநரின் கீழ் பிரிட்டனில் சேவை புரிந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

சட்கிளிஃப் இந்தக் குறிப்பைத்தான் பற்றிக்கொண்டார். அவருடைய நாவலில் கதையைச் சொல்பவன், சிறுமியாயிருந்த காலந்தொட்டு பூடிகாவை அறிந்த கட்வன் என்ற யாழ்ப்பாணன்; இடையிடையே, இளைஞன் அக்ரிகோலா தன் தாய்க்கு எழுதும் கடிதங்கள் வருகின்றன. ஒரு புறம் அவளை நேசித்தவனின் குரல். மறுபுறம், அவளைப் பகைவியாகப் பார்த்தாலும் கொடியவனல்லாத ஒரு ரோமானிய வாலிபனின் குரல். இரண்டையும் மாறிமாறிக் கேட்கும் இளம் வாசகர், யாரும் பாடம் சொல்லாமலே ஓர் உண்மையை உணர்கிறார்: ஒரே யுத்தம் இரண்டு கூடாரங்களில் இரண்டு விதமாகச் சொல்லப்படும். பாணன் அவளுக்கு மிக அருகில் நிற்பவனாதலால், பூடிகா இங்கே பூதமாவதற்கும் இடமில்லை, தெய்வமாவதற்கும் இடமில்லை. பிடிவாதமான சிறுமியாகவும், முதலில் வெறுத்து மணந்த கணவனைப் பின்னர் மெல்ல நேசிக்கக் கற்றவளாகவும், தாயாகவும், குலத்தின் உயிரைத் தன்னுள் தாங்குபவளாகவும், கடைசியில் பழியின் வெறியில் தன் பழைய முகத்தையே இழந்தவளாகவும் அவளைக் காண்கிறோம். ஐசெனி குலத்தில் அரசுரிமை பெண்வழியாக இறங்கியது என்று சட்கிளிஃப் கற்பனை செய்திருப்பதற்குப் பழைய நூல்களில் நேரான ஆதாரமில்லை. ஆயினும், ரோமானியர் செய்த கொடுமை ஏன் ஒரு குடும்பத்தின்மேல் மாத்திரமன்றி ஒரு குலத்தின் உயிர்நிலையிலேயே பட்டது என்பதை விளக்குவதற்கு அந்தக் கற்பனை கதைக்கு உதவுகிறது. கற்பனைக்கு உரிய இடம் அதுவே.

அந்த நூலில் பூடிகாவின் சேனை நகரங்களில் செய்த கொலைகளையும் சட்கிளிஃப் மூடிமறைக்கவில்லை. மூன்று நகரங்களிலும் ரோமக் குடிகளும் அவர்களுடைய நேசர்களுமாக 70,000 பேர் மாண்டதாக டாசிட்டஸ் கூறும் தொகை மிகையானதாக இருக்கலாம். ஆனால் மாண்டவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. லண்டனில் பாராளுமன்றத்தின் எதிரே, இரு புதல்வியரோடு தேரேறி நிற்கும் பூடிகாவின் வெண்கலச் சிலையொன்றை 1902-இல் நிறுவினார்கள். சிலைக்கு வீரம் மாத்திரம் போதும். நாவலுக்குப் போதாது. சிறுவர்களிடத்தில் இத்தகைய விஷயங்களைச் சொல்லலாமா என்று தயங்கும் பெற்றோர்கள் உண்டு. அவர்களுடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். எனினும், அநீதிக்கு ஆளானவள் தானும் அநீதி செய்யக்கூடும் என்பதை ஒரு பிள்ளை முதன்முதலாக அறிவதற்கு, நல்ல ஆசிரியர் ஒருவருடைய நாவலைவிடப் பத்திரமான இடம் வேறெது? வதைகளை விஸ்தாரமாய் வர்ணிப்பது வேறு, நடந்ததை நடந்ததென்று அடக்கமாகச் சொல்வது வேறு. சட்கிளிஃப் இரண்டாவதைச் செய்தவர்.

கிளியோபாட்ராவைப் பற்றிய சிறுவர் நூல்கள் தொகையில் அதிகம். தரத்தில் அவ்வளவு சொல்வதற்கில்லை. அவளைப் பற்றிய ரோமானியக் கட்டுக்கதைகளின் சுமை அப்படிப்பட்டது. புளூடார்க் என்ற கிரேக்க ஆசிரியர், அவளுடைய அழகு ஒப்பற்றதல்ல, அவளுடைய குரலும் உரையாடலுமே கேட்டவர்களைக் கவர்ந்தன என்றும், மூன்று நூற்றாண்டுகளாய் எகிப்தை ஆண்ட கிரேக்கக் குலத்தில் எகிப்திய பாஷையைக் கற்றவள் அவள் ஒருத்தியே என்றும், எபிரேயர், அரபியர், சிரியர், பார்த்தியர் முதலிய பல இனத்தாரோடு துபாஷியின்றிப் பேசினாளென்றும் எழுதியிருக்கிறார். பாஷைகள் கற்ற ஒரு சிறுமி எவ்வளவு அருமையான கதாநாயகி! இதை உணர்ந்து எழுதியவர்களுள் கிறிஸ்டியானா கிரெகரி ஒருவர். 'அரசகுல நாட்குறிப்புகள்' என்ற அமெரிக்க வரிசையில் 1999-இல் அவர் எழுதிய நூல், கி.மு. 57-இல் பன்னிரண்டு வயதுச் சிறுமியாயிருந்த கிளியோபாட்ரா, தந்தை தலைமறைவாயிருக்க, தன் உயிருக்கே அஞ்சியபடி எழுதும் நாட்குறிப்பாக அமைந்தது. அந்த ஆண்டுகளில் மூத்த சகோதரி பெரனிகே தந்தையை விரட்டிவிட்டுச் சிங்காசனம் ஏறியதும், ரோமானியர் படையோடு திரும்பிவந்த தந்தை தன் மகளையே கொல்வித்ததும் சரித்திர உண்மைகள். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண் பதினெட்டு வயதில் அரசியாகும்போது எத்தகையவளாக இருப்பாள் என்ற கேள்வியைப் பிள்ளைகள் மனத்தில் எழுப்புவதே அந்நூலின் பயன்.

நாட்குறிப்பு வடிவத்தில் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ராஜகுமாரி, இக்காலத்துப் பள்ளிச் சிறுமியைப்போல் நாள்தோறும் தன் மனத்தைத் திறந்து எழுதினாளென்பது அக்காலத்துக்குப் பொருந்தாத பாவனை. அதனால் நெருக்கம் வருகிறது, அந்நியத்தன்மை போய்விடுகிறது. பண்டைக் காலம் நம் காலமல்ல என்ற உணர்வு, சரித்திர நாவல் தரக்கூடிய இன்பங்களுள் தலையாயது. ஆயினும் இந்த வரிசை நூல்கள் ஒவ்வொன்றின் முடிவிலும் சரித்திரக் குறிப்பும் வம்சாவளியும் படங்களும் சேர்த்திருப்பது பெரிய புண்ணியம். ஐரோப்பாவுக்கும் எகிப்துக்கும் அப்பால் சென்று, சற்றுப் பிந்திய காலத்தவளான, கி.பி. 632 முதல் 647 வரை கொரியாவின் சில்லா ராஜ்யத்தை ஆண்ட சொன்டோக் அரசியைப் பற்றியும் இவ்வரிசையில் ஷெரி ஹோல்மன் 2002-இல் எழுதியிருக்கிறார். நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்கிட விரும்பும் பெண்ணாக அவளை அவர் படைத்திருப்பது, அவள் காலத்ததாகச் சொல்லப்படும் கல்லாலான வானநோக்குக் கோபுரம் கியோங்ஜு நகரில் இன்றும் நிற்பதை அறிந்தவர்களுக்குத் தனி மகிழ்ச்சி தரும்.

இவ்வளவு பேரிலும் இளம் வாசகர்களுக்கென்றே பிறந்தவள்போல் எனக்குத் தோன்றுபவள் கிளியோபாட்ராவின் மகள் செலினி. கி.மு. 40-இல் ரோமானியத் தளபதி அந்தோணிக்கும் கிளியோபாட்ராவுக்கும் இரட்டையருள் ஒருத்தியாகப் பிறந்தாள். கூடப் பிறந்தவனுக்குச் சூரியன் பெயர், இவளுக்குச் சந்திரன் பெயர். ஆறு வயதில், அலெக்சாந்திரியாவில் நடந்த பெரு விழாவில், சைரனைக்கா தேசத்துக்கு அரசியாக அறிவிக்கப்பட்டாள். பத்து வயதில் தாயையும் தந்தையையும் இழந்தாள். அடுத்த ஆண்டு, ரோமாபுரி வீதிகளில், அவர்களை வென்ற ஆக்டேவியனின் வெற்றி ஊர்வலத்தில், பாம்பு சுற்றிய தன் தாயின் உருவம் தூக்கிச் செல்லப்பட, தன் சகோதரனோடு அவள் கைதியாக நடத்திச் செல்லப்பட்டாள். பின்பு, தன் மனைவியான எந்த ஆக்டேவியாவைக் கைவிட்டு அந்தோணி கிளியோபாட்ராவிடம் சென்றானோ, அதே ஆக்டேவியாவின் வீட்டில், அவளுடைய பிள்ளைகளோடு வளர்ந்தாள். பெற்ற தாயைத் தூற்றும் நகரத்தில், தாயின் சக்களத்தி கையால் உணவு உண்டு வளர்ந்த அந்தச் சிறுமியின் மௌனத்தைப் பற்றிப் பண்டை ஆசிரியர் ஒருவரும் ஒரு வாக்கியங்கூட எழுதவில்லை. பின்னர் அவள், தன்னைப் போலவே அரசை இழந்து ரோமாபுரியில் வளர்ந்த நுமிதிய ராஜகுமாரன் இரண்டாம் ஜூபாவை மணந்து, வட ஆப்பிரிக்காவில் மௌரிதானியாவுக்கு அரசியானாள். அவர்களுடைய நாணயங்களில் கணவனின் பெயர் லத்தீனிலும் அவள் பெயர் கிரேக்கத்திலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவளுக்குரிய பக்கத்தில் சிலவற்றில் எகிப்தின் முதலை இருக்கிறது. கைதியாக நடத்திச் செல்லப்பட்டவள் தான் யாருடைய மகள் என்பதை ஒரு ராஜ்யத்தின் நாணயத்திலேயே அச்சிட்டுவிட்டாள்.

2011-இல் விக்கி ஆல்வியர் ஷெக்டர் 'கிளியோபாட்ராவின் நிலவு' என்ற நாவலில் செலினியின் கதையை அவள் வாய்மொழியாகவே சொல்லியிருக்கிறார். அதில் காதல் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். இந்நாளைய இளைஞர் நாவல்களுக்கு அது தவிர்க்க முடியாத உப்பாகிவிட்டது. எனினும் அலெக்சாந்திரியாவின் பெரிய நூலகத்திலும் அரசவையிலும் தாயின் அருகிலிருந்து செலினி கற்றுக்கொள்ளும் பகுதிகளில், கிளியோபாட்ரா ஆளும் பெண்ணாகத் தெரிகிறாள். நான் முதலில் சொன்ன அளவுகோலுக்கு அந்தப் பகுதிகள் நின்றுபிடிக்கின்றன. செலினி மௌரிதானியாவை ஆண்ட ஆண்டுகளைப் பற்றி இன்னொரு நாவல் யாரேனும் எழுதவேண்டும்; இழந்த ராஜ்யத்தைவிட நடத்திய ராஜ்யமே பெரிய கதை.

இந்த நூல்களைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருபவர்கள் இரண்டொன்றைக் கவனிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். சகோதரனை மணப்பதும் அடிமைகளை விற்பதும் அக்காலத்து அரசகுலங்களில் இருந்த வழக்கங்கள். அவற்றை மழுப்பாமல், இன்றைய நியாயத்தைப் பழைய பாத்திரங்களின் வாயில் திணிக்காமல் எழுதியிருக்கிறாரா ஆசிரியர் என்று பாருங்கள். நூலின் முடிவில், எது சரித்திரம், எது தம் கற்பனை என்று அவர் பிரித்துச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். அந்தப் பின்னுரை இல்லாத நூலை வேறொரு சரித்திர நூலோடு சேர்த்தே கொடுங்கள். பெண்களுக்கு மட்டும் கொடுக்காமல் பையன்களுக்கும் கொடுங்கள். நமது பதிப்பாளர்கள், சட்கிளிஃபின் பூடிகாவையாவது நல்ல தமிழில், சுருக்காமல், குழந்தைத்தனமாக்காமல், யாழ்ப்பாணனின் குரல் கெடாமல் மொழிபெயர்த்து வெளியிட முன்வரவேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைப் படிக்கும் திராணி உண்டு.